உங்க பின்னாடி நான் இருக்கேன்

பிரையனிக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஓட்டக் கூட்டத்தில் கடைசி ஆள் என்றால் அதுதான் அர்த்தம். மூச்சு வாங்குகிறவர், முழங்கால் பிடித்துக்கொண்டவர், புதிதாக வந்து கூச்சப்படுகிறவர் என எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, வெளிச்சம் பட்டால் பளபளக்கும் பட்டை தைத்த மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் கடைசியில் ஓடி வருவார். அவருக்குப் பின்னால் வெறும் ரோடுதான். அப்படியிருக்க, அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, குன்றின் மேலிருக்கும் புனித ஆஸ்வின் தேவாலயத்தின் கல்லறைத் தோட்ட வாசல் வழியே எல்லோருக்கும் கடைசியாக உள்ளே வந்து, இரும்புக் கதவைத் தன் கையாலேயே சாத்தி, கொக்கியையும் மாட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, அவள் முதுகுக்குப் பின்னால் அந்தக் கொக்கி இன்னொரு முறை விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். கதவு அவள் சாத்தியபடியே சாத்தியிருந்தது. வாசலுக்கு மேலே இருந்த பழைய ஓட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதத்து ஊறிய இலை வாடை, ஈரக்கல் வாடை, இவற்றுக்கு நடுவே இப்போதுதான் வெட்டிப் போட்டது போல் பச்சை மண் வாடை. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டி இறங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்று பிரையனிக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, கன்னம் இருப்பது தெரிகிறது, கிள்ளினால் வலிப்பதில்லை. அவள் அப்படித்தான் இருந்தாள், மார்ச் மாதத்திலிருந்து.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கணவன் ரோரி இதே கூட்டத்தின் கடைசி ஆளாக ஓடிக்கொண்டிருந்தான். வாரம் ஒரு மாலை ஓடிப் போய், யாருக்காவது ஒரு மணி நேரம் கைவேலை செய்து கொடுத்துவிட்டு, ஓடித் திரும்பும் கூட்டம் அது. ஆற்றங்கரைப் பாதையில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கடைசி ஆளுக்குப் பின்னால் யாருமில்லையே, யார் பார்ப்பது? மற்றவர்கள் மதுக்கடை வரை போய், ஷூவைத் தளர்த்தி, பியருக்குச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் ரோரி எங்கே என்று கேட்டார்கள்.

அழுதால் பாரம் இறங்கும் என்பார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, பாரமும் தெரியவில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கு சாண்ட்விச் வெட்டினாள், தட்டு கழுவினாள், வந்தவர்கள் அழுதபோது அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள், மே மாதம் கூட்டத் தலைவர் டெஸ்மண்டிடம் போய் ரோரியின் மஞ்சள் கோட்டைக் கேட்டாள். டெஸ்மண்ட் ஓய்வு பெற்ற தபால்காரர். ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இதே ஊரில் பிறந்தவர், குரல் மட்டும் பீரங்கி. அன்றைக்கு அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"வேணாம்மா. உனக்கு எதுக்கு இது?"

"நான் கடைசியில வந்தா யாரும் விழுந்து கிடக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து அவள்தான் கடைசி ஆள். ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் டெஸ்மண்ட் முன்னாலிருந்து "கடைசி?" என்று கத்துவார். அவள் "இருக்கேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். இன்னொரு வழக்கம் ரோரி உண்டாக்கியது. யாராவது வெட்கப்பட்டு "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றால், கடைசி ஆள் அவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது. "நீங்க போங்க, உங்க பின்னாடி நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், அவர்கள் முன்னால் போகும் வரை நின்ற இடத்திலிருந்து நகரக் கூடாது. ரோரி அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வான். அவள் வெறுமனே சொன்னாள். ஆனால் ஒருவரையும் விட்டதில்லை.

வாசலருகே நின்று பிரையனி குன்றின் கீழே பார்த்தாள். ஒரே ஒரு ஆட்டுப் புல்வெளி தாண்டி வரிசை வீடுகள், அதில் இந்தப் பக்கத்துக் கடைசி வீடு அவளுடையது. மாடி ஜன்னலில் பதினொரு வயது மார்னி விளக்கோடு காத்திருப்பாள். பிரையனி நெற்றியில் கட்டியிருந்த விளக்கை இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டாள். கீழே ஜன்னல் விளக்கும் இரண்டு முறை அணைந்து எரிந்தது. வந்து சேர்ந்துவிட்டேன், பார்த்துவிட்டேன். இந்த வேலைக்கு வரும் நாட்களில் இருவருக்கும் இதுதான் ஏற்பாடு.

கிளம்பும்போதெல்லாம் மார்னி ஒரே கேள்விதான் கேட்பாள்.

"திரும்பி வருவல்லம்மா?"

"வருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிறகு இடுப்பைக் கட்டிக்கொள்வாள். இந்தக் குழந்தைக்கு மிச்சமிருப்பது தான் ஒருத்திதான் என்று பிரையனிக்கு அறிவுக்குத் தெரியும். கட்டிக்கொண்ட கைகளின் சூடு மட்டும் உள்ளே இறங்குவதே இல்லை. கணவனுக்காக அழாததைவிட அதுதான் அவளை அதிகமாக வெட்கப்படுத்தியது. என்றைக்காவது ஒருநாள் அந்தச் சூடு உறைக்கும், அதுவரை தவறாமல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தால் போதும் என்று மனதில் வைத்திருந்தாள். வீட்டுச் சாவி கோட்டுப் பையில், ஜிப்புக்குள், மார்னி கோத்துக் கொடுத்த பாசிமணிச் சரத்தோடு கிடந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" டெஸ்மண்டின் குரல் தேவாலயச் சுவரில் மோதித் திரும்பியது. "கிளைவ், உன் தொந்தி வந்துச்சா?"

"அது அப்பவே வந்துருச்சு தலைவரே. நான்தான் லேட்டு."

கிளைவ் வழக்கம்போல் மேல்கோட்டை மறந்துவிட்டு வந்திருந்தான். பிரையனி தோள்பையிலிருந்து உபரிக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். குளிரில் நடுங்குகிறவருக்கென்று ஒரு கோட்டைக் கடைசி ஆள் எப்போதும் சுமந்து வர வேண்டும்.

"பக்கத்து ஊர்லேர்ந்து புதுசா ஒருத்தங்க வர்றதா மெசேஜ் போட்டிருக்காங்க," என்றார் டெஸ்மண்ட் அவளிடம். "நேரா இங்கயே வந்துடறாங்களாம். கூச்ச சுபாவம் போல. கொஞ்சம் பாத்துக்கோம்மா."

சரி என்றாள்.

தேவாலயத்துக்கு வயது எழுநூறுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாட வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் ஏணியேறத் தெம்புள்ளவர் எவருமில்லை. கூரைக் குழாயில் இலை அடைத்து, தண்ணீர் சுவருக்குள் இறங்கி, உள்ளே போனால் நனைந்த கம்பளி வாடை அடித்தது. கட்டடத்தைக் காப்பாற்ற ஆளில்லாமல்தான் பொறுப்பாளர் கிலியன் இந்த ஓட்டக் கூட்டத்தைக் கூப்பிட்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், ஆண்பிள்ளைத் தொப்பி, ஃபிளாஸ்க் நிறைய டீ, டப்பா நிறைய இஞ்சி கேக். வேலை தொடங்கும் முன்பே தீனி போட்டுவிடுவார், அந்த வகையில் புத்திசாலி.

"இன்னிக்கு வடக்குப் பக்கத்துக் கல்லுங்க மேல படர்ந்த கொடியை எடுத்துட்டாப் போதும்," என்றார் கிலியன், முகப்பு மண்டபத்தில் கோப்பைகளை நிரப்பிக்கொண்டே. "ஹாலி மரத்தடியில ஒரு கல்லு இருக்கும், மெர்சி டட்ஃபீல்ட்னு. அதுல மட்டும் மெதுவா கை வைங்க. அவங்கதான் இங்க கடைசி."

"கடைசின்னா?" என்றான் கிளைவ்.

"கடைசியாப் புதைச்சது. அதோட இடம் நிறைஞ்சு போச்சு, தோட்டத்தை மூடிட்டாங்க. இப்ப செத்தா பைபாஸ் பக்கம்தான்." கிலியன் சிரித்தார். "எங்க பக்கம் ஒரு பழைய பேச்சு உண்டு. கடைசியாப் புதைச்சவங்க வாசல்ல காவல் நிக்கணும். அடுத்த ஆள் வந்து மாத்திவிட்டாத்தான் அவங்க போகலாம்."

"அடுத்த ஆளே வரலையே."

"அதான் பாவம். விக்டோரியா ராணி காலத்துலேர்ந்து நிக்கிறா."

"ஓவர்டைம் உண்டா?"

"ஒரே நாள்ல ரெண்டு சாவு விழுந்துட்டா, ரெண்டு வீட்டுக்காரங்களும் பெட்டியத் தூக்கிட்டு ஓட்டமா ஓடுவாங்களாம், யாரு முந்தி வாசலைத் தாண்டறதுன்னு. பிந்தினவங்க தலையிலதான் காவல்."

"அப்ப நம்ம கூட்டத்தை ஆரம்பிச்சதே அவங்கதான்," என்றான் கிளைவ். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து பிரையனியும் உதட்டை விரித்தாள்.

"தினம் வாசலைப் பூட்டறப்போ, 'குட் நைட் மெர்சி, பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் போவேன்," என்றார் கிலியன். "சொல்லாம போனா என்னமோ மாதிரி இருக்கு."

வடக்குப் பக்கத்துக்கு நிலா வெளிச்சம்கூட வராது. தேவாலயத்தின் நிழல் அதன் மேல் ஈரப் போர்வை மாதிரி கிடந்தது. ஆளுக்கொரு நெற்றி விளக்கு, ஆளுக்கொரு கத்தரி, இலை வாரும் முள்கள், ஒரு தள்ளுவண்டி. கொடியைப் பிடித்து இழுத்தால் கல்லின் மேல் தோலைப் பிரித்தெடுப்பது போல் நீளமாக ஒரு கிழிசல் சத்தம் வந்தது. யூ மரத்தில் அடைந்திருந்த காகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முனகின. எங்கோ தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டுப் போய்த் திரும்பியது. அவள் கையுறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, விரல் இருப்பதே தெரியவில்லை. தெரியாதது புதிதுமில்லை.

இருட்டில் வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. நெற்றி விளக்கோடு ஒருவர் முகத்தைப் பார்த்தால் அவர் கண் கூசும். அதனால் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. தலையைத் தாழ்த்தி, எதிராளியின் காலைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஷூவைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். டெஸ்மண்டுக்கு வெள்ளை, கிளைவுக்குக் கிழிந்த ஆரஞ்சு, அவளுக்கு நீலம்.

ஹாலி மரத்தடியில் இருந்த கல்லைப் பிரையனியே எடுத்துக்கொண்டாள். கொடி விலக விலக எழுத்து தெரிந்தது. மெர்சி டட்ஃபீல்ட். கீழே ஏதோ ஒரு வசனம், பாசி தின்றது போக மிச்சமில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தின் விளிம்பில், இன்னொரு ஆள் குனிந்து இலை வாரிக்கொண்டிருந்தார். வாரும் முள் இல்லாமல் கையாலேயே. வாரி, ஒரு குவியலில் போட்டு, மறுபடி குனிந்து. விளக்கும் இல்லை. புது ஆளாக இருக்கும், சாமான் எதுவும் கொண்டுவரத் தெரியாமல் வந்திருப்பார் என்று பிரையனி நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது அந்த இடத்தில் யாருமில்லை. குவியலும் இல்லை, இலைகள் பரவலாகக் கிடந்தன. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள், கொஞ்சம் கிட்டத்தில். அந்தப் பச்சை மண் வாடையும் கூடவே.

கழுத்தின் பின்பக்கத்து மயிர் எழுந்து நின்றது. உடம்பு தன் பாட்டுக்குப் பயப்படுகிறது, மனதுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. அவள் கொடியை இழுத்தாள்.

டெஸ்மண்ட் விசில் ஊதினார். சாமான்கள் தள்ளுவண்டியில் விழும் சத்தம், யாரோ கைதட்டி மண்ணை உதறும் சத்தம், கிளைவ் இன்னொரு துண்டு கேக் கேட்கும் சத்தம் எல்லாம் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போயின. பிரையனி வழக்கப்படி சுவரோரமாக ஒரு சுற்று வந்தாள். கையுறை, கத்தரி, மனிதர், எதுவும் விட்டுப் போகக் கூடாது.

ஹாலி மரத்தடியில் அந்த ஆள் நின்றிருந்தார்.

பிரையனி மரியாதையாக விளக்கைத் தாழ்த்தினாள். பெண். நனைந்து தொங்கும் நீளமான ஏதோ ஒரு உடுப்பு. காலில் ஷூ இல்லை, முழங்கால் வரை களிமண். வெறுங்காலோடு ஓடுவது உடம்புக்கு நல்லது என்று சில பேர் கிளம்பியிருக்கிறார்கள், போன வருஷம்கூட ஒருவர் வந்தார். பிரையனி அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் புதுசா வந்தவங்களா? கிளம்பறாங்க, வாங்க."

பதிலாக வந்தது தொண்டை காய்ந்த குரல், ரொம்ப நாள் பேசாதவர்களுடையது.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டிருக்காங்க. நீங்களும் போங்க."

"நான் போகக் கூடாது. எனக்குப் பின்னாடி யாருமில்ல."

பிரையனியின் கை தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரைப் பாதை. பின்னாடி யாருமில்லை. எத்தனை நேரம் அவன் அங்கே கிடந்தான் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. களிமண் அப்பிய அந்தக் கால்கள் நடுங்குவதை அவள் பார்த்தாள். உபரிக் கோட்டு கிளைவிடம் போய்விட்டது. யோசிக்காமல் தன் மஞ்சள் கோட்டைக் கழற்றி நீட்டினாள். ஏதோ ஒரு கை வாங்கிக்கொண்டது. விரல் பட்ட இடத்தில் ஐஸ் வைத்தது போல் இருந்திருக்க வேண்டும், இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தன் மூச்சு விளக்கு வெளிச்சத்தில் புகையாகச் சுருண்டு போவதைப் பிரையனி பார்த்தாள். எதிரே இருந்தவளிடமிருந்து புகை எதுவும் வரவில்லை.

பார்த்தாள். அவ்வளவுதான்.

"நீங்க போங்க," என்றாள். "உங்க பின்னாடி நான் இருக்கேன்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். போங்க."

அந்தப் பெண் அவளைக் கடந்து போனாள். மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி. பிரையனி பின்னாலேயே போனாள். சுவரைச் சுற்றி, முகப்பைத் தாண்டி, வாசல் வரை. கூரைக்குக் கீழே அந்தப் பெண் கொக்கியை எடுத்தாள். கதவு திறந்தது. கூட்டம் ஏற்கெனவே ரோட்டில் இறங்கிவிட்டிருந்தது, விளக்குகள் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. அவள் வெளியே காலை வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

மூச்சு வெள்ளைப் புகையாக எழுந்தது.

பிரையனி தன் விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்தாள். அதில் மழைத்தூறல் மட்டும் இருந்தது. வாயைத் திறந்து ஊதிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை.

கதவு சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது. அவள் மாலையில் கேட்ட அதே சத்தம்.

மஞ்சள் கோட்டு ரோட்டில் ஓடிற்று. கோட்டுக்குக் கீழே கால்கள் தெரிந்தன. நீல ஷூ. பிரையனி மெதுவாகத் தலையைக் குனிந்தாள். வெளிச்சம் தன் காலில் விழுந்தது. வெறுங்கால். களிமண். முழங்கால் வரை.

கதவைப் பிடித்தாள். கொக்கியை எடுத்தாள். தள்ளினாள், திறந்தது. ஒரு அடி வைத்தாள். வைத்த அடி உள்ளே இருந்தது. முகம் தேவாலயத்தைப் பார்த்து இருந்தது, கதவு முதுகுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. திரும்பினாள். கொக்கி, கதவு, அடி. தேவாலயம். மறுபடி. தேவாலயம்.

கீழே முதல் வளைவில் டெஸ்மண்டின் குரல்.

"கடைசி?"

"இருக்கேன்!" பிரையனி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். காகம் ஒன்றுகூட அசையவில்லை.

"இருக்கேன்," என்றது ரோட்டிலிருந்து ஒரு குரல், அமைதியாக. அவளுடைய குரல்.

"அந்தப் புது ஆள் என்னாச்சு?"

"வரவே இல்ல தலைவரே," என்றான் கிளைவ். "அடுத்த வாரம் வர்றாங்களாம், மெசேஜ் வந்துச்சு."

விளக்குகள் வளைவில் திரும்பி மறைந்தன. இன்னொரு வளைவு. கடைசி? இருக்கேன். பிறகு கேட்கவில்லை.

கிலியன் முகப்பைப் பூட்டிவிட்டு, கேக் டப்பாவை இடுக்கிக்கொண்டு, பாதையில் வந்தார். பிரையனி குறுக்கே போய் நின்றாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மரியாதையை மறந்து, நெற்றி விளக்கை நேரே அவர் கண்ணில் அடித்தாள். கிலியன் கண்ணை இமைக்கவில்லை. கழுத்துத் துணியை மட்டும் இழுத்து இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் உரசாத குறையாகக் கடந்து, கதவைத் திறந்து வெளியே போய், பூட்டைப் போட்டார்.

"குட் நைட் மெர்சி," என்றார் வழக்கம்போல். "பாத்துக்கோ."

பூட்ஸ் சத்தம் இறங்கிப் போயிற்று.

பிரையனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிரவில்லை. மழை தலையில் விழுந்தது, ஈரமாக இல்லை. இங்கே இனி யாரையும் புதைக்க மாட்டார்கள். பைபாஸ் பக்கம்தான். அடுத்த ஆள் என்று ஒருவர் இல்லை. இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக நினைத்தாள், யாரோ ஒருத்தியின் கதையை நினைப்பது மாதிரி. இப்படியே மரத்துப்போய் நின்றுவிடலாம் என்றுகூட இருந்தது. பழக்கப்பட்ட இடம்தானே.

அப்போது புல்வெளிக்கு அப்பால், தெருவிளக்கின் கீழே, பளபளக்கும் பட்டை ஒன்று போவதைப் பார்த்தாள். மதுக்கடைக்குப் போகும் திருப்பத்தில் அது திரும்பவில்லை. நேராக வந்தது. வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகக் கடந்தது. கடைசி வீட்டின் முன்னால் நின்றது.

சாவி. ஜிப்புக்குள். பாசிமணிச் சரத்தோடு.

கதவு திறந்தது. கீழ் அறையில் விளக்கு எரிந்தது.

அப்போதுதான் வலித்தது. மார்ச்சிலிருந்து வராததெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. ரோரி வந்தான், ஆற்றங்கரை வந்தது, இடுப்பைக் கட்டிக்கொண்ட சின்னக் கைகளின் சூடு வந்தது. அந்தச் சூடு தீயாகச் சுட்டது. பிரையனி கம்பியில் முட்டிக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பூட்டு ஆடவில்லை. நெற்றி விளக்கை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், போட்டாள். நிறுத்தாமல். விளக்கு மங்கிக்கொண்டு வந்தது.

மாடி ஜன்னலில் மார்னி.

யாருக்கும் தெரியாத வெளிச்சம் மகளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் குன்றைப் பார்த்தாள். கை விளக்குக்குப் போயிற்று. இரண்டு முறை அணைந்து எரிந்தது. பார்த்துவிட்டேன்.

பிறகு யாரோ கூப்பிட்டது போல் அறைக்குள் திரும்பினாள். நின்றாள். மறுபடி மெதுவாகக் குன்றைப் பார்த்தாள். மறுபடி அறைக்குள் பார்த்தாள்.

மார்னிக்குப் பின்னால் மஞ்சள் கோட்டு வந்து நின்றது. ஒரு கை அவள் தோளைச் சுற்றி அணைத்துக்கொண்டது. இன்னொரு கை நீண்டு, திரைச்சீலையை நிதானமாக இழுத்து மூடியது.